1867-இல் அலாஸ்காவில் வெள்ளிக்கிழமைக்கு மறுநாளும் வெள்ளிக்கிழமையாக இருந்தது எப்படி?

1867 அலாஸ்கா கைமாறிய வருஷம். மார்ச் 30 அன்று ரஷ்யாவும் அமெரிக்காவும் ஒப்பந்தம் போட்டன. விலை 72 லட்சம் டாலர். அக்டோபர் 18 அன்று அலாஸ்காவின் சிட்கா நகரில் கொடி மாற்றினார்கள். ரஷ்யக் கொடி இறங்காமல் கம்பத்திலேயே சுற்றிக்கொண்டது. ஆளை மேலே ஏற்றித்தான் எடுக்க முடிந்தது!

சரி, கிழமைக்கு வருவோம். ரஷ்யர்கள் பின்பற்றியது ஜூலியன் நாட்காட்டி. அதன் ஒரு வருஷம் சூரியக் கணக்கைவிடச் சுமார் 11 நிமிஷம் நீளம். கொஞ்சம் மெதுவாக ஓடும் சுவர்க்கடிகாரம் போல என்று வையுங்கள்: ஒரு நாளில் தெரியாது, திருத்தாமல் விட்டால் ஒருநாள் பஸ்ஸைக் கோட்டைவிடுவோம். 19ஆம் நூற்றாண்டில் அது அமெரிக்க நாட்காட்டிக்கு 12 நாள் பின்தங்கியிருந்தது.

அப்புறம், ரஷ்யர்கள் சைபீரியாவிலிருந்து கிழக்கே கடல் தாண்டி வந்தவர்கள். ஆசியக் கிழமையையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். அமெரிக்கக் கணக்குக்கு அது ஒரு நாள் முன்னால். கைமாறியதும் அலாஸ்கா அமெரிக்கத் தேதிக்கும் கிழமைக்கும் மாறியது. ஆக, 12-இல் ஒன்று போக 11 நாள் தாவல். அக்டோபர் 6 வெள்ளிக்கு மறுநாள் அக்டோபர் 18, அதுவும் வெள்ளி. தினசரி நாட்காட்டி வைத்திருந்தால் 6ஆம் தேதித் தாளோடு இன்னும் 11 தாளைச் சேர்த்துக் கிழித்திருக்க வேண்டும்.

அந்த வருஷமே அலாஸ்கா மாநிலமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். 1867-இல் நிலம்தான் கைமாறியது, மாநிலமானது 1959 ஜனவரி 3 அன்று.