தழும்பைக் கட்டியது யார்?

ஐயா,
அறுவைசிகிச்சைக்காகப் பத்து நாள் யூரின் டியூப் போட்டிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து, சிறுநீர் நூல்போல வருகிறது. உள்ளே தழும்பு கட்டியிருக்கிறதாம். கட்டியது என் நோயெதிர்ப்பு செல்களாம். காக்க வேண்டிய படை என்னையே தாக்குமா? அடக்குவதற்கு நானே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். டியூப் சிலிக்கானாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேனா?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாத்திரையை யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? கிருமித்தொற்று வந்தால் அதையும் மறைத்துவிடும் மருந்து அது. சட்டென்று நிறுத்துவதிலும் சிக்கல் உண்டு. இன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். சிலிக்கான் விவகாரத்தையும் அவரிடமே கேளுங்கள்.

என்னை உறுத்தியது 'படை' என்ற சொல். 1882இல் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர், கண்ணாடிபோன்ற நட்சத்திரமீன் குஞ்சுக்குள் முள்ளைச் செருகினார். மறுநாள் காலை முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்திருந்தன. அன்று தொடங்கிய போர்க்கதையை நாம் இன்னும் விடவில்லை. ஆனால் தலைப்பிரட்டை தவளையாகி அதன் வால் கரையும்போதும், வேண்டாததை விழுங்கும் இதேபோன்ற செல்கள் வருகின்றன. அங்கே எந்த எதிரி?

உங்களுக்குள் நடந்ததும் சண்டை இல்லை, கொத்துவேலை. டியூப் உரசி சிறுநீர்ப் பாதையின் உட்சவ்வு கிழிகிறது. அடியிலுள்ள பஞ்சுபோன்ற திசுவில் சிறுநீர் கசிகிறது. முதலில் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளையணுக்கள் வந்து மடிகின்றன. அப்புறம் மேக்ரோபேஜ்கள் என்ற விழுங்கும் செல்கள் அந்தக் குப்பையை விழுங்கிவிட்டு, டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தைச் சுரந்து நார்செல்களை வேலைக்கு அழைக்கின்றன. அவை கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைப் பூசி, காயத்தை இழுத்துச் சுருக்குகின்றன. முழங்காலில் இதே வேலை நடந்தால் 'ஆறிவிட்டது' என்று சந்தோஷப்படுவோம். குழாய்க்குள் சுருங்கினால் வழி அடைபடுகிறது. கசிவு நீடித்தால் பூச்சும் நீடிக்கும். கொத்தனாரைத் திட்டி என்ன பயன்?

என் அப்பாவுக்கும் டியூப் இருந்தது. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில், நுனியில் ஊதியிருந்த பலூனோடு அதை உருவிவிட்டார். விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம். "என்னப்பா இப்படிப் பண்ணிட்டீங்க" என்று கத்தினேன். வலியில் இருந்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். சில மாதங்களில் அவருக்கும் தாரை மெலிந்தது. குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்பேன். சொட்டு, நிசப்தம், மறுபடி சொட்டு. "முடிஞ்சுதாப்பா?" என்பேன். "இரு, வருது" என்பார்.