ஐந்து நுழைவுத் தேர்வு எழுதினால் ஒன்றாவது நிச்சயமா?

ஐயா, நேற்று நீங்கள் தாளில் போட்டுக் காட்டிய கணக்கு மனதிலேயே நிற்கிறது. ஒரு பொறியியல் நுழைவுத் தேர்வில் மகளுக்கு இடம் கிடைக்க 20 சதவீத வாய்ப்பு, ஐந்து எழுதினால் 100 சதவீதம், அதனால் ஐந்துக்கும் பணம் கட்டிவிடலாம் என்றீர்கள். வாய்ப்புகளை இப்படிக் கூட்ட முடியாது. கூட்டினால் ஆறாவது தேர்வோடு 120 சதவீதம் வந்துவிடும்.

கிடைக்காமல் போகும் வாய்ப்பைப் பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் அது 0.8. ஐந்து முறை பெருக்கினால் சுமார் 0.33. ஒன்றாவது கிடைக்க மீதி 67 சதவீதம். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் இந்தப் பெருக்கல், ஐந்தும் ஒன்றையொன்று பாதிக்காத சார்பிலா நிகழ்ச்சிகளாக இருந்தால்தான் செல்லும். தாயக்கட்டை அப்படி. போன முறை என்ன விழுந்தது என்பது அதற்குத் தெரியாது. தேர்வு எழுதுவது கட்டை இல்லை, உங்கள் மகள். அதே இயற்பியல், அதே வேதியியல், அதே கணக்கு. தொகை நுண்கணிதத்தில் அவளுக்கு இருக்கும் தடுமாற்றம் ஐந்து அறைக்குள்ளும் கூடவே போகும். முதல் தேர்வில் கிடைக்கவில்லை என்றால் அடுத்ததிலும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு கூடுகிறது. பிளஸ் ஒன் கணக்கில் வரும் நிபந்தனை நிகழ்தகவு இதுதான். ஒரு பேச்சுக்கு, முதல் தேர்வுக்குப் பிறகு அந்த 0.8 ஒவ்வொரு முறையும் 0.9 ஆகிறது என்று வையுங்கள். 67 சதவீதம் 48க்கு அருகே இறங்கிவிடும். கட்டணமோ அதே ஐந்து.

ஐஐடி கனவையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அதற்கான ஜேஇஇ நுழைவுத் தேர்வு இரண்டு கட்டம்: முதலில் மெயின், பிறகு அட்வான்ஸ்டு. மெயினில் முன்னணியில் வரும் சுமார் 2,50,000 பேர்தான் அட்வான்ஸ்டு எழுத முடியும். மெயினைத் தாண்ட 30 சதவீதம், தாண்டியவளுக்கு அட்வான்ஸ்டில் இடம் கிடைக்க 10 சதவீதம் என்று கொண்டால், இன்றைக்கு அவள் கையில் இருப்பது 3 சதவீதம். கனவை விடச் சொல்லவில்லை. அதை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம் என்கிறேன்.

அப்படியானால் என்ன செய்வது? எண்ணிக்கையைக் கூட்டாமல், வேறொன்றைச் சார்ந்திருக்கும் வழியைத் தேடுங்கள். தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ பொதுத் தேர்வு மதிப்பெண்ணிலிருந்து கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கட்ஆஃப். பாடம் அதேதான், முழுக்கத் தனி வழி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொதுத் தேர்வில் தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. படிப்படியாக எழுதினால் ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் உண்டு. ஒரே நாளில் முடிவதும் இல்லை. கணக்குத் தேர்வன்று காய்ச்சல் வந்தால் கணக்குதான் அடிவாங்கும், வேதியியல் தப்பிக்கும். மெயினில் ஒரு காய்ச்சல் மூன்று பாடத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அதனால்தான் ஜனவரி, ஏப்ரல் இரண்டு முறையும் மெயின் எழுதட்டும் என்கிறேன். இரண்டில் நல்லதைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஐந்தில் மெயின் போக மற்ற நாலு தனியார் கல்லூரித் தேர்வுகளில், இடம் கிடைத்தால் நிஜமாகவே சேர்ப்பீர்கள் என்கிற ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் வார இறுதிகள் கணக்குக்குப் போகட்டும்.

இன்னொன்று. நாம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மாடிப்படி ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள், கவனித்தீர்களா? கட்டடக்கலைப் படிப்புக்கான நாட்டா தேர்வு, வரையும் கையையும் பார்க்கும் கண்ணையும் சோதிப்பது. மற்றவற்றிலிருந்து உண்மையிலேயே விலகி நிற்கும் வாய்ப்பு அது. பிடிக்குமா என்று அவளிடமே கேளுங்கள், பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை வரும்போது அரையாண்டுக் கணக்கு விடைத்தாளும் அந்த நோட்டும் வேண்டும்.