அந்த இரண்டு ஏக்கரை விற்காதீர்கள்

பெரம்பலூர் பக்கத்திலிருந்து போன வாரம் ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. மக்காச்சோள விவசாயி, அவர் மனைவி, அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த மகள், கூடவே பெண்ணின் மாமா. நீட் மதிப்பெண் அரசு இடத்துக்குப் பத்தாது. வெளிநாட்டில் எம்பிபிஎஸ் சேர்க்கலாம், இரண்டு ஏக்கரை விற்றால் போதும் என்று மாமா முடிவு செய்துகொண்டே வந்திருந்தார். "பயப்படாதீங்க, நல்லபடியா நடக்கும்" என்று நானும் சொல்லி அனுப்பினேன். அது தப்பு. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

ஐயா, நிலத்தை விற்காதீர்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தாலும் இங்கே தகுதித் தேர்வில் தேறினால்தான் மருத்துவராகப் பதிவு செய்ய முடியும். அதில் மாட்டிக்கொண்டால் பெண்ணுக்குத் தொழிலும் இருக்காது, உங்களுக்கு நிலமும் இருக்காது. மாமா பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் மக்காச்சோளம் போட்டுச் சாப்பிடுகிறவர் நீங்கள்.

பாப்பா அன்றைக்கு வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது மட்டும் பையிலிருந்து ஒரு மருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினாள். உள்ளே மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு ஒன்று செத்து, குச்சி மாதிரி விறைத்து, உடம்பெல்லாம் வெளிர் பச்சை மாவு பூசியதுபோல். "மருந்தே அடிக்காத வரிசையில இருந்துச்சு சார். இது எப்படிச் செத்துச்சு?" என்று கேட்டாள். நாலு பேரும் பேசியதில் அந்த ஒரு கேள்விதான் என் மனதில் நின்றது.

அந்தப் பச்சை மாவு பெரும்பாலும் மெட்டாரைசியம் ரைலி என்ற பூஞ்சையாக இருக்கும். 2018-இல் உங்கள் மாவட்டத்து மக்காச்சோளத்தை அழித்த படைப்புழுவை இயற்கையாகவே கொல்லும் பூஞ்சை இது. தென்னை விவசாயிகள் காண்டாமிருக வண்டுக்காக எருக்குழியில் ஊற்றும் மெட்டாரைசியம் இதற்குச் சொந்தக்காரன். இந்தக் குடும்பத்துப் பூஞ்சைகள் உழுத மண்ணிலேயே இருக்கின்றன. அவற்றைப் பிடிப்பதும் எளிது. அரை அடி ஆழத்து மண்ணைச் சலித்து டப்பாவில் போட்டு, தேன்கூட்டைத் தின்னும் மெழுகுப் பூச்சியின் புழுக்களை அதில் விடுவார்கள். டப்பாவைத் தினமும் தலைகீழாகத் திருப்பி வைப்பார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் சில புழுக்கள் செத்துவிடும். அவற்றை ஈரத்தாளில் வைத்தால் முதலில் வெள்ளை நூல் படரும், அப்புறம் பச்சை பூக்கும்.

கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சைதான். டிஎன்ஏ-வைப் படித்தால் வேறு வேறு. மெட்டாரைசியம் அனிசோப்ளியே என்று ஒரே பெயரில் அழைத்துவந்த கூட்டத்தை 2009-இல் மரபணு வரிசைகளை வைத்து ஒன்பது இனங்களாகப் பிரித்தார்கள். கனடாவின் ஒண்டாரியோவில் விவசாய மண்ணில் எடுத்தவை 37 டிகிரி சூட்டிலும் வளர்ந்தன, காட்டு மண்ணில் எடுத்தவை 8 டிகிரி குளிரில் வளர்ந்தன. எந்தப் பூச்சியைக் கொன்றது என்பதைவிட எந்த மண்ணில் வாழ்ந்தது என்பதுதான் அங்கே பெரிதாக இருந்தது. குளிர்ந்த இடத்து ரகத்தை வாங்கி பெரம்பலூர் வெயிலில் அடித்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். உங்கள் வயல் மண்ணில் எத்தனை ரகம், எது சூடு தாங்கும், எது படைப்புழுவைச் சீக்கிரம் கொல்லும் என்று பிரித்துச் சொல்ல ஆட்கள் வேண்டும். உயிரிப் பூச்சிக்கொல்லி விற்கிறவர்களும் எந்த ரகம் என்று காட்டித்தான் மத்தியப் பதிவுக் குழுவில் பதிவு வாங்க வேண்டும்.

பாப்பா அப்படி ஓர் ஆளாவதற்கு வழி: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருட பி.எஸ்சி. வேளாண்மை, அப்புறம் பூச்சியியலிலோ வேளாண் நுண்ணுயிரியலிலோ எம்.எஸ்சி. நுழைவுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இதிலும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். இடம் கிடைக்காவிட்டால் அரசுக் கலைக் கல்லூரியில் நுண்ணுயிரியலோ விலங்கியலோ படிக்கட்டும், அங்கிருந்தும் இதே ஆராய்ச்சிக்கு வரலாம். தனியார் வேளாண் கல்லூரியில் நன்கொடை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நன்கொடை கேட்காத கல்லூரியாக இருந்தாலும் ஐசிஏஆர் (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) அங்கீகாரம் உண்டா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

இது சீக்கிரம் சம்பளம் தரும் படிப்பு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்டம் வரை போனால் பத்து வருடம் ஆகலாம். ஆனால் தேசியத் தேர்வில் தேறி ஆய்வு உதவித்தொகை வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய் அவள் கைக்கே வரும். பெங்களூரில் வேளாண் பூச்சி வளங்களுக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. பி.எஸ்சி. வேளாண்மையோடு நின்றுவிட்டாலும் வேளாண் அலுவலர் தேர்வு எழுதலாம்.

விண்ணப்பத்தைப் பாப்பாவே நிரப்பட்டும். விருப்ப வரிசையை மாமா போட வேண்டாம். அப்புறம், அந்தப் புழுவை பாட்டிலில் மூடி வைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். ஈரத்தில் வேறு பூஞ்சை ஏறிவிடும். காகித உறையில் போட்டு, எடுத்த தேதியையும் வயலின் பெயரையும் மேலே எழுதி, நிழலில் உலர வைக்கச் சொல்லுங்கள். வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் மையத்துக்கு ஒரு நாள் அவளைக் கூட்டிப்போய் அதைக் காட்டுங்கள்.