பூச்சியும் அதற்குள் குடியிருக்கும் கிருமியும்: வாசகர் கேள்வி-பதில்

நல்ல தண்ணி பத்து நாளைக்கு ஒருக்காத்தான் வருதுங்க. ட்ரம்முல பிடிச்சு வெச்சா புழு வந்துருது. புழுவைக் கொல்ற பாக்டீரியா பொடி இருக்காமே, குடிக்கிற தண்ணியில போடலாமுங்களா? (பல்லடம்)

நீங்கள் சொல்வது பிடிஐ. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், கொசுப்புழு நிறைந்த ஒரு குட்டையில் கண்டெடுத்த பாக்டீரியா. அதில் உள்ள புரதப் படிகத்தைப் புழு தின்றதும், காரத்தன்மையுள்ள அதன் குடலில் படிகம் கரைந்து, குடற்சுவரில் ஓட்டை விழும். ஒரே நாளில் புழு செத்துவிடும். நம் வயிறு அமிலம், அதனால் அங்கே அந்த வேலை நடக்காது. ஆனாலும் குடிநீருக்கு என்று பொட்டலத்தில் எழுதியிருந்தால் மட்டும், அதில் போட்டிருக்கும் அளவில் போடுங்கள்.

பொடி தோற்பது இரண்டு இடத்தில். கமா வடிவில் துள்ளுமே கூட்டுப்புழு, அது எதையும் தின்னாது; பொடி அதைத் தொடாது. இன்னொன்று முட்டை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையை ட்ரம்மின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டி வைக்கும். கரித்தூள் தூவினது போல இருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் ஏறினதும் பொரியும். ட்ரம்மை வெறுமனே கவிழ்த்து வெயிலில் வைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நம் ஊர்ச் சூட்டில் முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஆகவே ஏழு நாளைக்கு ஒருமுறை, மிச்சத் தண்ணீரை துணியில் வடித்து வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, தேங்காய் நாரும் சோப்புத்தூளும் போட்டு விளிம்பிலிருந்து அடிவரை அழுத்தித் தேயுங்கள். கழுவின தண்ணீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். புதுத் தண்ணீர் பிடித்ததும் வேட்டித் துணியை இரண்டாக மடித்து, ரப்பர் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். துணி தொய்ந்து தண்ணீரைத் தொட்டால் அந்த ஈரமே முட்டையிடும் இடமாகிவிடும்.

வயலோரம் வீடு. காலைல எந்திரிச்சா கழுத்துல கோடு போட்டாப்பல கொப்புளம், ஒரே எரிச்சல். அக்கின்னு காவி எழுதியாச்சு. சரியாகுமுங்களா? (கோபி)

வலி எதுவும் முன்னால் இல்லாமல், ராத்திரி லைட் போட்டுப் படுத்த மறுநாள் கோடாக வந்திருந்தால், பெரும்பாலும் அது வண்டுக்கடி என்று சொல்லப்படுவது. உண்மையில் அந்த வண்டு கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. ஒரு நெல்மணி நீளம், எறும்பு மாதிரி மெல்லிசு. உடம்பு ஆரஞ்சும் கருப்பும் மாறி மாறி இருக்கும். கழுத்தில் ஊரும்போது தூக்கக் கலக்கத்தில் நசுக்கினால், பெடெரின் என்ற நஞ்சு தோலில் கோடாக இழுபடும். அந்த நஞ்சைச் செய்வது வண்டின் உடம்புக்குள் வாழும் ஒரு பாக்டீரியா! பெண் வண்டு அதை முட்டையோடு சேர்த்துக் கொடுக்கிறது. குஞ்சுப்புழுவைச் சிலந்தி தின்னாமல் அந்த நஞ்சு காக்கிறது.

உடம்பில் ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கை கண்ணில் படக்கூடாது. கொப்புளம் வந்தபின் குளிர்ந்த ஈரத்துணி ஒற்றுங்கள், மற்றதை டாக்டர் பார்ப்பார். ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் ஆறும், கருந்தழும்பு கொஞ்ச நாள் நிற்கும். படுக்கைக்கு மேலே ட்யூப்லைட் எரிய விடாதீர்கள். மருந்தடிக்க மட்டும் கிளம்ப வேண்டாம், நெல்லைக் கெடுக்கும் புகையான் பூச்சியைத் தின்கிற நல்ல வண்டு அது.

நிஜ அக்கி ஒரு பக்கமாக மட்டும் பட்டையாக வரும், இரண்டு மூன்று நாள் முன்பே வலிக்கும். அதற்குக் காவி போதாது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பலன்.

வீக்க மாத்திரையைப் பட்டுப்புழுவுல இருந்து எடுக்கறாங்களா? (உடுமலை)

செர்ரேஷியோபெப்டிடேஸ். புழுவில் இருந்து இல்லை, பட்டுப்புழுக் குடலில் கிடைத்த பாக்டீரியாவில் இருந்து. இப்போது பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து எடுக்கிறார்கள். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனையில் வித்தியாசம் தெரியாததால் ஜப்பானில் 2011-ல் விற்பனையை நிறுத்தினார்கள். அதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

உண்ணிக் காய்ச்சல்னா மாட்டு உண்ணியாலயா வருது? (அந்தியூர்)

பெயர்தான் குழப்புகிறது. பரப்புவது புதரில், எலி நடமாடும் இடத்தில் இருக்கும் சிற்றுண்ணியின் இளம்புழு, கண்ணுக்கே தெரியாது. கிருமி தாய்ச் சிற்றுண்ணியிலிருந்து முட்டைக்குப் போவதால் ஒரே புதர் வருஷக்கணக்கில் ஆபத்தாக இருக்கும்.

கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல் கறுத்த பொருக்கு வரும். வலிக்காது, அதனால் யாரும் பார்ப்பதில்லை. காய்ச்சல் ஐந்து நாள் தாண்டினால் அக்குள், தொடையிடுக்கு, இடுப்புக்கயிறு, மார்புக்கு அடி, காதுப்பின்புறம் தேடிப் பார்த்து டாக்டரிடம் காட்டுங்கள். அமாக்சிசிலின் இதற்குக் கேட்காது. பெரியவர்களுக்கு வழக்கமாகத் தருவது டாக்சிசைக்ளின் 100 மி.கி., தினம் இருவேளை, ஏழு நாள்; கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம் பாதிக்கும். காட்டில் இருந்து வந்ததும் குளித்து, துணியை மாற்றிவிடுங்கள்.

எங்க தோப்புத் தேன், கலப்படமே இல்லீங்க. பேரனுக்குச் சேனை வைக்கலாமா? (பொள்ளாச்சி)

வேண்டாங்க. ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டும் வேண்டாம். சுத்தமான தேனிலும் பாட்டுலினம் என்ற, நரம்பைத் தளர்த்தும் நஞ்சு செய்கிற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். தேனில் நீர் குறைவு, அமிலம் அதிகம். அங்கே அவை முளைக்காமல் கிடக்கும், ஆனால் சாகாது. காய்ச்சினாலும் சாகாது. பெரியவர்கள் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் இடம் தராது, பச்சைக் குழந்தைக்கு அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. ஏற்கெனவே வைத்திருந்தால் சில வாரம் கவனியுங்கள்: மலச்சிக்கல், பால் உறிஞ்சத் திணறல், அழுகுரல் மெலிதல், தலை நிற்காமல் துவளுதல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், தேன் கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.