‘உங்க ஏரியாதானே?’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் தண்டையார்பேட்டை. பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான், வேலைக்கு மட்டும் ஓஎம்ஆர் போய்வருகிறேன். போன வாரம் ஆபீஸில் சாப்பிடும்போது பேச்சு காய்ச்சல், மாஸ்க் என்று போக, கூட வேலை செய்யும் அக்கா ஒருவர், அண்ணா நகர்க்காரர், “கொரோனா டைம்ல உங்க ஏரியாதானே மொத்த சென்னைக்கும் பரப்பிச்சு, சொன்னா கேக்குற ஜனமா அது” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிந்தது.

இதில் சங்கடம் என்னவென்றால், 2020இல் எங்கள் தெருக்காரர்கள்மேல் எனக்கும் அதே கோபம் இருந்தது. மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு கேரம் போர்டைச் சுற்றி நின்றவர்களை நானும் திட்டியிருக்கிறேன். அப்படியிருக்க அவர் சொன்னால் மட்டும் எனக்கு ஏன் வலிக்க வேண்டும்? அப்பாவோ வரன் பார்க்கிற இடத்தில் எங்கள் முகவரியையே ‘பாரிமுனை அருகில்’ என்று போட்டிருக்கிறார். எனக்கு இந்த ஊர் பிடிக்கும் அண்ணா. ஏன் என்று கேட்டால்தான் சொல்லத் தெரியவில்லை.

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அப்பாவை விட்டுவிடுங்கள். பாரிமுனை அருகில், சென்ட்ரல் பக்கம், பீச் ஸ்டேஷன்கிட்ட என்று எதையாவது சொல்லித் தப்பிக்காத வடசென்னைக்காரர் யார்? வீடு தேடும்போதும் வேலை தேடும்போதும் ஊர்ப்பெயரைச் சொன்னதும் எதிராளியின் முகம் மாறுவதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது. பெண் பார்க்க வருகிறவர்கள் எப்படியும் தண்டையார்பேட்டைக்குத்தான் வந்தாகணும், அப்போது தெரிந்துவிடும்.

அந்த அக்கா சொன்னதில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது, உங்களுக்கு வாய் வராமல் போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 2020 மே மாதம் மாநகராட்சி தினமும் வெளியிட்ட மண்டலவாரித் தொற்றுப் பட்டியலில் நம் பக்கத்து ராயபுரம்தான் முதலில் நின்றது. கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி அதைப் பகிர்ந்து சிரித்தார்கள். ராயபுரம் மண்டலம் என்றால் கடலோரக் குப்பங்கள் மட்டுமில்லை, சவுகார்பேட்டையும் பாரிமுனையும் அதற்குள்தான் வரும், ஊருக்கே சரக்கு பிரிகிற இடங்கள் அவை, ஆனால் மீம் போட்டவர்களுக்கு லுங்கி கட்டிய ஒரு ஆளும் மீன் கூடையும் போதுமாயிருந்தது. ஊரடங்கிலும் துறைமுகம் நிற்கவில்லை. குப்பை அள்ளுவதும் ஆஸ்பத்திரி வார்டில் பெருக்கித் துடைப்பதும் மூட்டை இறக்குவதும் நிற்கவில்லை. அந்த வேலைகளுக்குப் போனவர்கள் சாயங்காலம் திரும்பி வந்தது நம் பக்கத்துத் தெருக்களுக்குத்தான். நகரம் வீட்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்க யாராவது வெளியே போகவேண்டியிருந்ததே.

அப்புறம் அந்த வீடுகள். உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்காக எழுதுகிறேன். லைன் வீடு, பத்துக்குப் பத்து அறை, ஆறு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ், தண்ணீர் தெருமுனை சின்டெக்ஸ் தொட்டியில். ‘வீட்டிலேயே தனிமைப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்று போனில் குரல் வந்துகொண்டே இருந்தது. எங்கே தனியாக இருப்பது? காய்ச்சல்காரர் உள்ளே படுத்திருந்தால் மற்றவர்கள் மாடிப்படியிலும் திண்ணையிலும் ராத்தூக்கம் தூங்கினார்கள். ஒருவருக்கு வந்துவிட்டால் தெருமுனையில் தகரம் அடித்து மூடினார்கள். அடித்த மறுநாளே தகரத்தின் கீழ்மூலையை யாரோ வளைத்துவிட்டிருப்பார்கள், பால் பாக்கெட்டும் குடமும் நுழைகிற அளவுக்கு. அதைப் படம் எடுத்து ‘அடங்காத ஜனம்’ என்று போட ஆள் இருந்தது. தகரத்துக்கு உள்ளே தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆள் இல்லை.

காசிமேட்டு மீன் சந்தையில் கூட்டம் கூடியது தப்புதான். கேரம் போர்டு கூட்டமும் தப்புதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் நீங்கள் திட்டியதும் அந்த அக்கா திட்டியதும் ஒன்றா? நீங்கள் திட்டியபோது அந்தப் பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று உங்களுக்குத் தெரியும், ராத்திரி அவன் அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் ஆட்டோ பிடிக்க நீங்களும் ஓடியிருப்பீர்கள். மீன் வந்து இறங்கினால் விடிகாலைக்குள் விற்றாக வேண்டும், இல்லையென்றால் ஐஸ் செலவும் வாங்கின கடனும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும் என்பதும் தெரியும். அதெல்லாம் தெரிந்தும் வருகிற கோபம் உங்களுடையது. ஊர்மேல் பாசம் இருக்கிறவருக்குத்தான் அப்படிக் கோபம் வரும், அதில் குற்றவுணர்ச்சிக்கு என்ன இருக்கிறது?

இன்னொன்று. அந்த மே மாதம் கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று பல மாவட்டங்களுக்கு நோய் போனது கோயம்பேடு சந்தை வழியாக. கோயம்பேடு எங்கே இருக்கிறது? அண்ணா நகரை ஒட்டி. இதைச் சொல்லி அவர் வாயை அடைத்துவிடலாம்தான், ஆனால் அங்கேயும் நோய் பிடித்தது மூட்டை தூக்கினவர்களையும் கடை போட்டவர்களையும் லாரிக்காரர்களையும்தான், அவர்களை வைத்து நாம் ஒரு பாயின்ட் எடுக்கவேண்டாம். ஜூன் மாதம் ஊரடங்கு இறுகப்போகிறது என்றதும் இ-பாஸ் வாங்கியும் வாங்காமலும் ஆயிரக்கணக்கானோர் சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள் இல்லையா, அதில் ராயபுரத்தைக் கிண்டல் செய்தவர்களும் இருந்திருப்பார்கள். கிராமத்து எல்லையில் அவர்களைப் பார்த்து “சென்னைக்காரன் வந்துட்டான், தள்ளிப் போ” என்றார்கள். அங்கே யாரும் தி.நகரா தண்டையார்பேட்டையா என்று பிரித்துப் பார்க்கவில்லை. அப்புறம் ஒன்றிரண்டு மாதத்தில் ராயபுரம் பட்டியலில் இறங்கி, கோடம்பாக்கமும் அண்ணா நகரும் மேலே போயின. அதற்கு மீம் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஊரை ஏன் பிடிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை என்கிறீர்கள். தெரியாவிட்டால் போகிறது. இந்த மாதிரி நேரத்தில் நம் ஆட்கள் உடனே ஒரு பெருமைப் பட்டியலை எடுத்து நீட்டுவார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது, 1918இல் மெட்ராஸ் லேபர் யூனியன் பெரம்பூர் மில் தொழிலாளர்களை வைத்துத்தான் உருவானது என்று. எல்லாம் சரிதான், ஆனால் 1856இல் ரயில் வராமல் போயிருந்தால் உங்களுக்கு இந்த ஊரைப் பிடிக்காமல் போயிருக்குமா? பெருமைப் பட்டியல், கிண்டல் செய்கிறவரிடம் நாம் கொண்டுபோய் நீட்டுகிற நன்னடத்தைச் சான்றிதழ். நான் அதை யாரிடமும் நீட்டுவதில்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் சொல்வேன், அது பெருமை இல்லை, கணக்கு. 1782 பஞ்சத்தில் பசியோடு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் தொடங்கி வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி, நம் பாட்டிமார்களுக்குக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. சென்னையின் காலராக்காரர்கள் கொண்டுவரப்பட்டது உங்கள் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனைக்கு. நகரம் தன் நோயாளிகளை இங்கே அனுப்பியது. அனல்மின் நிலையச் சாம்பலை எண்ணூர்க் கழிமுகத்தில் கொட்டியது. மணலி, எண்ணூர்ப் பக்கம் இருமல் கொரோனாவோடு வந்ததில்லை, தங்கச்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியபோது மீனவர்கள் மக்கிலும் வாளியிலும் அதை மொண்டார்கள். அதே மாதம் 26ஆம் தேதி ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அதற்கெல்லாம் “பாவம்” என்றார்கள். எனக்கு அந்தப் பாவத்தைவிட மீமே தேவலை. மீமுக்குத் திருப்பிக் கொடுக்கலாம், பாவத்துக்கு என்ன கொடுப்பது?

2025இல் கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வேண்டாம் என்று மக்கள் தெருவில் கைகோத்து நின்றார்கள். அப்படிப்பட்ட கூட்டங்களுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், நம் ஊரை நம் ஆட்களே எப்படியெல்லாம் திட்டுகிறார்கள் என்று கேட்கலாம், காது குளிரும்.

அந்த அக்கா அண்ணா நகர் என்றீர்களே, அவர் வீட்டுக் குப்பையும் நம் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்குத்தான் வருகிறது. சண்டைக்கு இல்லை, அடுத்த தடவை சாப்பிடும்போது தகவலாகச் சொல்லிவையுங்கள்.