கணினி அறிவியல் ஆய்வாளர்கள் ஏன் ஆய்விதழ்களைவிட மாநாடுகளில் அதிகம் எழுதுகிறார்கள்?

மாநாட்டுக் கட்டுரை என்பது ஓர் ஆய்வு மாநாட்டுக்கு அனுப்பி, அதே துறை ஆட்கள் படித்துத் தேர்ந்தெடுத்த பிறகு தொகுப்பில் வெளியாகும் முழு ஆய்வுக் கட்டுரை. மருத்துவத்திலும் இயற்பியலிலும் பெயர் வாங்கித் தருவது இதழ்தான். கணினி அறிவியலில் கதை வேறு. பல பிரிவுகளில் மாநாட்டுக்குத்தான் மவுசு.

முக்கியக் காரணம் வேகம். இதழுக்கு அனுப்பினால் மதிப்பீடு, திருத்தம், மறுபடி மதிப்பீடு என்று ஒரு வருடம் தாண்டுவது சாதாரணம். அதற்குள் இன்னொருவர் அதையே செய்து முடித்துவிடலாம். மாநாடு நேரத்துக்குப் புறப்படும் ரயில் மாதிரி. கடைசித் தேதிக்குள் ஏறினால் சில மாதங்களில் முடிவு தெரியும்; தவறவிட்டால் அடுத்ததுதான். (அந்தத் தேதிக்கு முந்தைய இரவு ஆய்வகத்தில் யார் தூங்கினார்கள் என்பது தனிக்கதை.) சாட்ஜிபிடி போன்றவற்றுக்கு அடித்தளமான டிரான்ஸ்ஃபார்மர் என்ற செயற்கை நுண்ணறிவு வடிவமைப்பை அறிமுகப்படுத்திய கட்டுரை 2017-இல் வந்ததும், இன்று நியூரிப்ஸ் எனப்படும் செயற்கை நுண்ணறிவு மாநாட்டில்தான்.

சிக்கல் பதவி உயர்வின்போது வரும். தேர்வுக் குழுவில் வேறு துறைக்காரர் இருந்தால், "இதழ்க் கட்டுரை இவ்வளவுதானா?" என்பார். இதற்காகவே வட அமெரிக்காவின் கம்ப்யூட்டிங் ரிசர்ச் அசோசியேஷன் என்ற கணினி ஆய்வு அமைப்புகளின் சங்கம் 1999-இல் ஒரு குறிப்பு வெளியிட்டு, மாநாட்டுக் கட்டுரைகளுக்கும் உரிய மதிப்பு தரச் சொன்னது.

அப்புறம், மாநாடு என்றாலே ஒரு பக்கச் சுருக்கம் அனுப்பிவிட்டு மேடையில் பேசி வருவது என்று பலர் நினைக்கிறார்கள். கணினி அறிவியலில் அப்படியல்ல; இத்துறையின் முன்னணி மாநாடுகளுக்கு வரும் முழுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை நிராகரிக்கப்படுகின்றன.