கால் வலியைச் சொன்னீர்களே!

கேள்வி: மகனைப் பார்க்கப் பாரிஸ் போனபோது லூவர் மியூசியத்துக்கும் போனோம். மூன்று மணி நேரத்தில் கால் வலி, தலைச்சுற்றல். மோனலிசா முன்னால் நின்றும் மனசில் ஒன்றும் ஓடவில்லை. கலையை ரசிக்கும் பக்குவம் எனக்கு இல்லையோ?
– கோவை வாசகி

பதில்: பக்குவத்தை விடுங்கள். கால் வலி என்று எழுதினீர்களே, அதைப் பேசுவோம். ஓவியம் பற்றி எழுதுகிறவர்கள் ஒளி, நிழல், தூரிகை வீச்சு என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். பார்க்க வந்தவருக்கு முட்டி கழன்று போகிறது என்பது மட்டும் எழுத்தில் வராது.

1916இல் ஒருவர் எழுதினார். பாஸ்டன் நுண்கலை மியூசியத்தில் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன். காட்சிப் பெட்டிகளில் இருப்பதைப் பற்றி ஓர் ஆளிடம் சில கேள்விகள் கொடுத்து, பதில் தேடி அவர் படுகிற பாட்டைப் படம் பிடித்தார். குனிகிறார், குந்துகிறார், உடம்பை முறுக்குகிறார். பொருளை வைத்த விதம்தான் ஆளைக் களைக்க வைக்கிறது என்று கில்மன் படத்தோடு காட்டினார். நூறு வருடம் தாண்டியும் நாம் பார்வையாளரைத்தான் குறை சொல்கிறோம்.

லூவரில் பார்வைக்கு இருப்பவை ஏறத்தாழ 35,000. ஒவ்வொன்றின் முன்னும் பத்தே நொடி நின்றாலும் சோறு தூக்கம் இல்லாமல் நான்கு நாள் ஆகும். நீங்கள் மூன்று மணி நேரம் தாக்குப் பிடித்திருக்கிறீர்கள். 2024இல் மட்டும் 87 லட்சம் பேர் அங்கே போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தேடிப் போவது 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு பலகையை. அதுவும் கண்ணாடிக்குப் பின்னால். முன்னால் நூறு செல்போன். அங்கே மனசில் ஏதாவது ஓடியிருந்தால்தான் ஆச்சரியம்.

அதே அறையில், மோனலிசாவுக்கு நேர் எதிர்ச் சுவரில், வெரோனேசே வரைந்த ‘கானாவூர்க் கல்யாணம்’ இருக்கிறது, பைபிளில் வரும் கல்யாண விருந்து. கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம். நடுவில் ஏசு. அவர் தலைக்கு மேலே மாடத்தில் ஒருவர் கத்தியை ஓங்கி இறைச்சி வெட்டுகிறார். வலது மூலையில் ஒரு பூனை ஒயின் ஜாடியைப் பிறாண்டிக்கொண்டிருக்கிறது. கூட்டம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

இந்தப் படம் அந்தச் சுவருக்காக வரைந்ததே அல்ல. வெனிஸில் சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே மடத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்காக 1563இல் வரைந்து முடித்தது. துறவிகள் உட்கார்ந்து, சாப்பிட்டபடியே, ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டிய விருந்து. 1797இல் நெப்போலியனின் படை அதை வெட்டி எடுத்துக்கொண்டு பாரிஸுக்குக் கொண்டுபோனது. எழும்பூர் மியூசியத்தில் நிற்கிற திருவாலங்காட்டு நடராஜரும் இப்படி இடம் மாறி வந்தவர்தான். பட்டும் பூவும் சாத்தி, தோளில் தூக்கி, தெருவில் வரவேண்டியவர். ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் இடத்தில் தனியாக இருப்பதற்காகச் செய்தது. ஆயிரக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் வரிசை கட்டினால் யாருக்குத்தான் தலை சுற்றாது?

‘ரசனைக்குப் பயிற்சி வேண்டும்’ என்கிற விமர்சக நண்பர் ஒருவரோடு இந்தப் பக்கத்தில் எனக்குப் பழைய சண்டை உண்டு. இன்றைக்கும் சொல்கிறேன், பயிற்சி அப்புறம். முதலில் உட்கார இடம் கொடுங்கள். கோயிலுக்குப் போனால் சாமி கும்பிட்ட கையோடு யாரும் கிளம்புவதில்லை. பிராகாரத்தில் சற்று உட்கார்ந்துதான் எழுந்திருப்போம். மதுரையில் பொற்றாமரைக் குளத்துப் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பவரை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை. அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் தூண் சிற்பம் கண்ணில் படும். நம் ஊர் மியூசியங்களில் ஓர் அறைக்கு இரண்டு பெஞ்சாவது போடச் சொல்லி எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். இனியும் எழுதுவேன்.

சரி, மகன் அங்கேதானே இருக்கிறார்? அடுத்த முறை லூவர் வாசலிலிருந்து துய்லரி தோட்டம் வழியாக நேரே நடந்து, மறுகோடியில் இருக்கிற ஒராஞ்செரி மியூசியத்துக்குப் போங்கள். இரண்டு நீள்வட்ட அறைகள். சுவரைச் சுற்றி மோனே வரைந்த அல்லிக் குளங்கள், மொத்தம் எட்டுதான். நடுவில் உட்கார இடம் உண்டு. உட்காருங்கள். கால் வலி தீர்ந்த பிறகும் எழுந்திருக்காதீர்கள். லூவருக்கும் போக ஆசை என்றால் புதன் அல்லது வெள்ளி மாலை போங்கள், இரவு 9 மணி வரை திறந்திருக்கும். வெரோனேசேயின் பூனையை மட்டும் பார்த்துவிட்டு வந்தாலும் போதும். செவ்வாய்க்கிழமை போய்விடாதீர்கள், இரண்டுக்கும் விடுமுறை.